கூடாரம் அடிக்க யாரைக் கேட்பது?

மொன்றியலில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கும் நாட்களில்தான் கோடைக்கான காம்பிங் பேச்சு சூடு பிடிக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனிலோ டோலார்-டெ-ஓர்மோவிலோ ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கையில் கொத்துரொட்டித் தட்டுடன் நாலு குடும்பங்கள். "இந்தமுறை எங்கை, அண்ணை?" என்று ஒருவர் தொடக்கிவைப்பார். "ஏரி வேண்டாம், ஆறு இருக்கிற இடமாப் பாருங்கோ" என்று பிள்ளைகள் பக்கமிருந்து விண்ணப்பம் வரும். பனி கொட்டும்போதே ஆற்றங்கரையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கியூபெக் மாகாணப் பூங்காக்களை நடத்தும் செபாக் நிறுவனம் கோடைக்கான முன்பதிவைக் குளிர்காலத்திலேயே திறந்துவிடுகிறது. ஆற்றை ஒட்டிய இடங்கள் பனி கரையும்வரை காத்திருப்பதில்லை.

போகக்கூடிய பள்ளத்தாக்குகளுக்குக் குறைவில்லை. வடமேற்கே இரண்டு மணி நேரத்தில் மோன்-ட்ரொம்ப்லான். 1895இல் அறிவிக்கப்பட்ட அதுதான் கியூபெக்கின் மிகப் பழைய பூங்கா. அதன் நடுவே ஓடும் டியாப்ல் ஆறு வளைந்து நெளிந்து அவசரமில்லாமல் போகும். கனூ படகைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் பொருந்தும். கியூபெக் நகரத்துக்குப் போகும் பாதையில் வடக்கே திரும்பினால் லா மொரிசி. எல்லாவற்றுக்கும் அப்பால், ஷார்ல்வுவா மலைகளுக்குள், மால்பே ஆறு உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே ஓடும் ஓத்-கோர்ஜ் பூங்கா. மொன்றியலிலிருந்து அங்கே போய்ச்சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். இரண்டு இரவுக்காகப் பின் இருக்கையில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக எல்லாருக்கும் பொறுமை வராது.

இவற்றுக்கு நடுவில் அமைந்திருப்பது ஜாக்-கார்த்தியே பள்ளத்தாக்கு. கியூபெக் நகரத்திலிருந்து வடக்கே அரை மணி நேரம்; மொன்றியலிலிருந்து மூன்றேகால், மூன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை நண்பகலில் புறப்பட்டால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்துவிடலாம். பூங்காவின் பரப்பு 670 சதுர கிலோமீட்டர். காலநிலை, நிலவியல், அரசியல், நீதிமன்றம் என்று ஒரு கூடார இடத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய அனுமதி இருக்கிறது என்பதை இந்தப் பள்ளத்தாக்கைப் போலக் காட்டும் இடம் கியூபெக்கில் குறைவு.

இடம் தேடும் புதியவர்கள் தடுக்கி விழும் சங்கதி ஒன்று உண்டு. கியூபெக்கில் 'தேசியப் பூங்கா' என்று பலகை இருந்தாலும் பெரும்பாலானவை மாகாணத்துக்குச் சொந்தம். லா மொரிசி, கஸ்பே முனையிலுள்ள ஃபோரியோன் போன்ற மிகச் சிலவே பார்க்ஸ் கனடாவின் கையில் இருக்கின்றன. பார்க்ஸ் கனடாவின் ஆண்டு அட்டையை ஜாக்-கார்த்தியே வாசலில் நீட்டிப் பயனில்லை. முன்பதிவு இணையத்தளமும் வேறு. செபாக் பூங்காக்களில் 17 வயது வரை நுழைவு இலவசம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் கட்டணம். கூடார இடத்துக்கான வாடகை இதில் சேராது. செலவைக் கணக்குப் போடும் மாமா இந்த இரண்டையும் தனித்தனி வரியில் எழுதிக்கொள்வது நல்லது.

இனி அந்தப் பள்ளத்தாக்கு. லோரன்ஷியன் மலைகளின் அடிப்பாறை சுமார் நூறு கோடி ஆண்டு பழையது. அதில் இருந்த ஒரு பிளவைப் பற்றிக்கொண்டு பனியாறுகள் அரைத்தெடுத்த பள்ளம் இது. ஆறு மட்டும் வெட்டிய பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கி இருக்கும். பனியாறு வெட்டியது அடியில் அகன்று, இருபுறமும் செங்குத்தாக எழும்பும். சில இடங்களில் மேட்டு நிலத்துக்கும் ஆற்றுக்கும் 550 மீட்டர் உயர வேறுபாடு. மேலே இருப்பது ஊசியிலைக் காடு, கடும் குளிர், கருங்கரடி, மூஸ். கீழே சரிவுகளில் மஞ்சள் பேர்ச்சும் மேப்பிளும். ஜாக்-கார்த்தியே ஆறு இந்தப் பள்ளத்தாக்கின் அகன்ற தரையில் ஓடித் தெற்கே டொனகோனாவில் சென் லோரன்ஸ் பேராற்றில் கலக்கிறது. கூடார இடங்களில் பல அந்தத் தரையில், ஆற்றின் ஓசை கேட்கும் தூரத்தில் உள்ளன.

அந்தத் தரை இன்று தண்ணீருக்கடியில் கிடந்திருக்கலாம். 1970களின் தொடக்கத்தில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனம் இங்கே ஷாம்பினீ என்ற மின்திட்டத்தை அறிவித்தது. இரவில் மின்சாரம் மிஞ்சும்போது நீரை மலைமேலுள்ள தேக்கத்துக்கு இறைத்து ஏற்றுவது, பகலில் தேவை உச்சத்துக்குப் போகும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது என்பது யோசனை. அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தேக்கங்கள் வேண்டும்; கீழ்த்தேக்கத்துக்குக் குறித்த இடம்தான் இந்தப் பள்ளத்தாக்கு. கியூபெக் நகரத்து மக்களும் இயற்கை ஆர்வலர்களும் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1981இல் பள்ளத்தாக்கும் சுற்றியுள்ள மேட்டுநிலமும் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

தமிழ் வாசகருக்கு இது கேள்விப்படாத கதையாக இராது. நீலகிரிக்கு மேற்கே, கேரளத்தில், குந்தி ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எதிர்ப்பைச் சந்தித்துக் கைவிடப்பட்டது. 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. இலங்கையில் வேறு முடிவு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்குப் பின்னால் மகாவலிப் பள்ளத்தாக்கின் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. மூன்று ஆறுகளில் இரண்டின் கரையில் இன்று நடக்க முடிகிறது.

அணை போனாலும் 'இங்கே யார் கூடாரம் அடிக்கலாம்' என்ற கேள்வி போகவில்லை. பூங்கா அறிவிக்கப்பட்ட மறு ஆண்டு, 1982 மே மாதம், சியூயி குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் இங்கே வந்தார்கள். மரம் வெட்டினார்கள், கூடாரம் அடித்தார்கள், தீ மூட்டினார்கள். ஒதுக்கப்படாத இடத்தில் இவற்றைச் செய்தது பூங்கா விதிகளுக்கு முரண் என்று வழக்குப் பதிவானது. ஹ்யூரோன்-வென்டாட் பூர்வகுடி மக்களான அவர்கள், தங்கள் முன்னோரின் சடங்குகளைச் செய்யவே வந்ததாகச் சொன்னார்கள். அத்தாட்சியாக அவர்கள் காட்டியது 1760 செப்டெம்பர் 5ஆம் தேதியிட்ட ஒரு சிறிய பத்திரம். பிரெஞ்சு ஆட்சி சரிந்துகொண்டிருந்த நாட்களில், பிரித்தானியத் தளபதி ஜேம்ஸ் மரே வென்டாட் மக்களுக்கு அவர்களுடைய சமயத்தையும் வழக்கங்களையும் தடையின்றிப் பின்பற்றலாம் என்று எழுதிக்கொடுத்தது அது.

கீழ் நீதிமன்றங்கள் சகோதரர்களைக் குற்றவாளிகள் என்றன. மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. 1990 மே மாதம் கனடிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மரேயின் பத்திரம் ஓர் உடன்படிக்கையே, இருநூற்று முப்பது ஆண்டு கழிந்தும் அது உயிரோடு இருக்கிறது, பூங்கா விதி அதை மீற முடியாது. கனடாவில் பூர்வகுடி உடன்படிக்கை உரிமை பற்றிப் பேசும் சட்ட மாணவர் எவரும் தாண்டிப் போக முடியாத வழக்கு இது. அதன் தொடக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் அடித்த கூடாரம். வென்டாட் மக்களின் சொந்த நிலமும் முதலில் இது அல்ல. ஒன்ராறியோவின் ஜோர்ஜியன் விரிகுடாவை ஒட்டிய ஊர்கள் போரில் அழிந்தபின், 1650இல் கியூபெக் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

மற்றவர்களுக்கு உரிமை இணையத்தளம் வழியாகத்தான் வருகிறது. தமிழ்க் குழுக்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. போவது ஒரு குடும்பம் அல்ல. சித்தப்பா வீடு, மாமி வீடு, ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சான் வீடு என்று பட்டியல் நீளும். ஒரு கூடார இடத்துக்கு இத்தனை பேர், இத்தனை கார் என்று வரம்பு இருக்கிறது. ஆகவே வரைபடத்தைத் திறந்துவைத்து அடுத்தடுத்த இலக்கங்களை ஒரே நேரத்தில் நாலு கணினியில் பிடிப்பது ஒரு வழி. குழுக்களுக்கென்று ஒதுக்கிய பெரிய திடலைக் கேட்பது மற்ற வழி. கூடாரமே இல்லாதவர்களுக்குக் கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைத்த தயார்க் கூடாரங்கள் உண்டு. உறங்கு பையும் சாப்பாடும் கொண்டுபோனால் போதும். முதல்முறை வரும் அம்மம்மாவை அதில் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் பக்கத்தில் தரையில் படுப்பது பல குடும்பங்கள் கண்ட சமரசம்.

எந்த வாரம் போவது என்பதில் கியூபெக்குக்கே உரிய இரண்டு தடைகள். ஒன்று, ஜூலை 1. மாகாணத்தின் பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் முடிவது அதற்கு முந்தின நாள் என்பதால், பாதி மொன்றியல் அன்று படிக்கட்டுகளில் குளிர்சாதனப் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு உறவினர் வீடு மாறுவார்; உதவிக்குப் போகாமல் இருக்க முடியாது. இரண்டாவது, கட்டடத் தொழிலாளர் விடுமுறை. ஜூலைக் கடைசியில் இரண்டு வாரம் அந்தத் துறையின் பெரும்பகுதி நின்றுவிடும். அதோடு சேர்ந்து வேறு துறையினரும் விடுமுறை எடுப்பதால் ஆற்றங்கரைகள் நிரம்பி வழியும்.

பள்ளத்தாக்கு தன் பங்குக்கு ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. மே மாதத்தில் மலைப்பனி உருகி ஆறு சீறும். அப்போது அது ராஃப்டிங் பழகியவர்களின் ஆறு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடியும்வரை கறுப்பு ஈக்களின் ஆட்சி. கொசு தேங்கிய நீரில் பெருகும். கறுப்பு ஈக்குத் தெளிந்து ஓடும் நீர் வேண்டும். ஆறு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு ஈ. பகலில் கூட்டமாக வந்து காதோரத்திலும் மயிர்க்காலிலும் கடிக்கும். கடித்த இடம் நாட்கணக்கில் வீங்கும். கருநீலம், கறுப்பு உடைகள் அவற்றை இழுக்கும் என்பதால் வெளிர்நிறச் சட்டை, முழுக்கை, தலைக்கு வலை. பூசும் மருந்தில் டீட் அளவு பெரியவர்களுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கனடிய சுகாதாரத் துறையின் வரம்பு, சிறுபிள்ளைகளுக்கு 10. ஈ அடங்கும் முன்பே கொசு வந்துவிடும். இரண்டும் ஓய்ந்து, தண்ணீரும் ஓரளவு சூடேறி இருப்பது ஓகஸ்ட் இரண்டாம் பாதியில். கியூபெக்கில் பாடசாலைகள் ஓகஸ்ட் கடைசியிலேயே திறந்துவிடுவதால், அதற்கு முந்தின வாரத்தைக் குறிவைப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

பயணப் பாதை எளிது. 40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சென் லோரன்ஸின் வடகரையோடு கிழக்கே போனால், ஏறக்குறைய பாதி வழியில் த்ருவா-ரிவியேர். 1634இல் தொடங்கிய அந்த நகரத்தில் கால் நீட்டிவிட்டுக் கியூபெக் நகரம், அங்கிருந்து 73, பிறகு 175. கடைசியில் சொன்ன சாலையில் கவனம் வேண்டும். நான்கு தடமாக அதை அகலப்படுத்தியபோது பல இடங்களில் கம்பிவேலி போட்டு, விலங்குகள் கடந்துபோகக் கீழ்ப்பாதைகளும் கட்டினார்கள். காரணம் மூஸ். வளர்ந்த ஆண் மூஸ் ஐந்நூறு கிலோவுக்கு மேலும் நிறுக்கலாம். கால்கள் நீளம் என்பதால் மோதினால் உடல் நேரே காரின் முன்கண்ணாடிக்கு வரும். குளிர்காலத்தில் சாலைக்குத் தூவிய உப்பு ஓரக் குட்டைகளில் தேங்க, அதை நக்கவும் அவை வரும். அந்திக்கும் விடியலுக்கும் வேகத்தைக் குறைப்பது கட்டாயம்.

பொருட்களில் முதலில் எழுதவேண்டியது குளிருடுப்பு. மொன்றியலில் மின்விசிறி போட்டுத் தூங்கும் ஜூலை இரவில், இந்த மலைக்குள் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போவது உண்டு. குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் தரையில் தேங்கும்; கூடாரங்கள் இருப்பதும் அங்கேதான். தரை விரிப்பு உறங்கு பையைவிட முக்கியம். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது மேலே உள்ள காற்றைவிடக் கீழே உள்ள மண். மேட்டுநிலத்தில் மழையும் மொன்றியலைவிட அதிகம்; ஆகவே சமையல் இடத்துக்கு மேலே கட்ட ஒரு பெரிய தார்ப்பாயும் கயிறும்.

விறகை மட்டும் வீட்டிலிருந்து ஏற்றக்கூடாது. மரப்பட்டைக்கு அடியில் புழுவாக ஒளிந்திருக்கும் பச்சை வண்டு ஒன்று, ஆசியாவிலிருந்து வந்து, வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. 2008இல் மொன்றியலுக்குத் தெற்கே கரினியானில் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2011இல் மொன்றியல் தீவுக்குள் வந்தது. வண்டு தானாகப் பறக்கும் தூரம் சொற்பம்; நெடுந்தூரம் போவது காம்பிங்காரரின் காரில் ஏறித்தான். விறகைப் பூங்காவிலேயே வாங்கலாம்.

வாங்கினாலும் மூட்ட முடியுமா என்பது சொப்ஃபே அமைப்பின் கையில் இருக்கிறது. கியூபெக்கின் காட்டுத்தீயைக் கண்காணிப்பது அதுதான். 2023 கோடையில் இந்த மாகாணத்தில் சுமார் 45 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது; இலங்கைத் தீவின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஜூன் 25ஆம் தேதி மொன்றியலின் காற்று உலகப் பெருநகரங்களிலேயே மிக மோசமாக இருந்தது. காடுகளிலும் அவற்றின் அருகிலும் திறந்தவெளித் தீ மூட்டத் தடை வந்தது. புறப்படும் காலையில் சொப்ஃபே வரைபடத்தைப் பார்த்துவிட்டு, காஸ் அடுப்பு ஒன்றையும் காரில் போட்டுக்கொண்டால் தடை வந்தாலும் பட்டினி இல்லை.

சாப்பாட்டைப் பற்றித் தமிழ்க் குழுவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தூளில் ஊறப்போட்ட கோழி முந்தின இரவே உறைந்து, கூலர் பெட்டியில் ஐஸ் வேலையையும் செய்யும். சம்பல், ரொட்டி மா, காலைக்கு முட்டை. கவலை கருங்கரடி பற்றியது. அதன் மோப்பம் மனிதனைவிடப் பல மடங்கு கூர்மை. கோழிக்குழம்பு மட்டுமல்ல, பற்பசை, சவர்க்காரம், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் அதற்கு அழைப்புத்தான். இரவில் இவை அத்தனையும் பூட்டிய காருக்குள் போகவேண்டும். கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றக்கூடாது. "ஒரு பிஸ்கற் பக்கற்தானே, மாமி" என்று கூடாரத்துக்குள் கொண்டுபோகும் பிள்ளையைத் தடுப்பதற்கு ஒருவரை நியமித்துவிடலாம்.

முதல் பகலை ஆற்றுக்குக் கொடுக்கலாம். கனூவும் கயாக்கும் வாடகைக்கு உண்டு. வண்டியில் மேலே கொண்டுபோய் விடுவார்கள், ஓட்டத்தோடு கீழே வரலாம். அமைதியான பகுதியும் வேகமான பகுதியும் தனித்தனி. நீந்தத் தெரியாதவர்கள் இருந்தால் அதைக் கவுண்டரிலேயே சொல்லி, பொருத்தமான பகுதியைக் கேட்பது அவசியம். மிதவை அங்கி எல்லாருக்கும். இதே ஆற்றில் அட்லாண்டிக் சால்மன் ஒரு காலத்தில் ஏறி வந்தது. அணைகள் வழியை அடைத்ததால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போனது. 1980களிலிருந்து குஞ்சுகளை விட்டு அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. தூண்டில் போட விரும்புபவர் மாகாண அனுமதியையும் பூங்கா அனுமதியையும் தனித்தனியே பெறவேண்டும்.

இரண்டாம் நாளுக்கு லெ லூ பாதை. போய்வர சுமார் 11 கிலோமீட்டர், நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம். முழங்கால் வலிக்காரர் ஆற்றோரப் பாதைகளில் நிற்கலாம். ஏறுபவர்களுக்கு உச்சியில் கிடைப்பது பள்ளத்தாக்கின் முழு வடிவம். தட்டையான அடியும் நிமிர்ந்த சுவர்களும் நடுவே வளையும் ஆறும். கீழ்த்தேக்கம் எங்கே வந்திருக்கும் என்று தேடிப்பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. முன்பதிவுச் சீட்டையும் பாதை வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைக்காமல் போனவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முன்பதிவை ரத்துச் செய்பவர்கள் கோடை முழுக்க இருப்பார்கள். வாரநாள் இரவுகளைக் கேட்டுத் தளத்தை அடிக்கடி பார்த்தால் ஆற்றங்கரையே மாட்டுவதுண்டு. மற்றது செப்டெம்பர் கடைசி வாரம். சரிவுகளில் மேப்பிளும் பேர்ச்சும் சிவந்து மஞ்சளாகும், மேட்டில் ஊசியிலை பச்சையாகவே நிற்கும், ஈ ஒன்றுகூட இராது. ஆனால் விடியலில் கூடாரத் துணியில் உறைபனி படியலாம்.

திரும்பும் வழியில், கியூபெக் நகரத்தின் வடக்கு விளிம்பில் வென்டேக். சியூயி சகோதரர்களின் ஊர். 1697 முதல் வென்டாட் மக்கள் குடியிருக்கும் இந்த ஊரில் அவர்களே நடத்தும் அருங்காட்சியகமும், 28 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கபிர் கூபா அருவியும் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலைத் தாண்டி அங்கிருந்து கிளம்புபவர்கள், மொன்றியல் தீவுக்குள் நுழையும் பாலங்களில் விடுமுறை முடிந்து திரும்பும் கார் வரிசைக்கு இன்னொரு மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.